மகன் கையில் சாதிக் கயிறு, கொல்லையில் வீச்சரிவாள்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஊர், பள்ளி, சாதி என எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே தரவில்லை. சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

அவர் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மூத்த மகனுக்கு 16 வயது முடிந்துவிட்டது. பிளஸ் ஒன் படிக்கிறான். சில மாதங்களாகத் தங்கள் சாதிக்கு உரிய நிறத்தில் மணிக்கட்டில் கயிறு கட்டியிருக்கிறான். பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கைக்காக, காலனியிலிருந்து வரும் பட்டியல் சாதி மாணவன் ஒருவனோடு அவனுக்குத் தகராறு. எழுந்து இடம் விடச் சொன்னபோது அந்த மாணவன் மறுத்துவிட்டான். அன்று முதல் மகனின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அரிவாள் படங்கள் வரத் தொடங்கின. போன வாரம் கொல்லையில் விறகை ஒதுக்கியபோது சாக்கில் சுற்றிய வீச்சரிவாள் ஒன்று தாயின் கண்ணில் பட்டிருக்கிறது. தேங்காய் வெட்டவோ முள் கழிக்கவோ வாங்கியது இல்லை. புதியது, நீளமானது, பிடியில் அதே நிறக் கயிறு சுற்றியிருந்தது. "என்னுடையது இல்லை, அண்ணன் வைத்திருக்கச் சொன்னார்" என்று மகன் சொன்னானாம். அந்த அண்ணன் 30 வயதைத் தாண்டியவர். கோயில் கொடைக்குப் பேனர் வைப்பார், தெருப் பையன்களுக்குப் பிரியாணி வாங்கித் தருவார், வண்டிக்குப் பெட்ரோல் போடுவார்.

தாய் கேட்பது இவற்றைத்தான். இது எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறதா? மாமனார் அடிதடி வழக்கில் சிறைக்குப் போனவர். அல்லது சினிமாவும் செல்போனும் செய்த வேலையா? படிப்பை நிறுத்தி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் தம்பியிடம் அனுப்பிவிடலாமா? பள்ளியிலோ போலீசிலோ சொன்னால் பிள்ளையின் வாழ்க்கை பாழாகிவிடாதா? "ஆண் பிள்ளை என்றால் அப்படித்தான் இருப்பான்" என்று கணவர் பேச்சை முடித்துவிட்டாராம். "குடித்தால் மட்டும் கைநீட்டுவார், மற்றபடி தங்கமானவர்" என்று கணவரைப் பற்றி ஒரு வரி இருக்கிறது.

சகோதரி,

கடிதம் கிடைத்த அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைத்து, அவசரமாகச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அதையும் சேர்த்து இங்கே எழுதுவதற்குக் காரணம், இதே போன்ற சாக்கு மூட்டையை இன்னும் சில வீடுகளில் வேறு தாய்மார்கள் பார்த்திருக்கக்கூடும் என்பதுதான். சிறார் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில், வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தின் வாசலில் சோற்றுப் பாத்திரத்தோடு காத்திருக்கும் தாய்மார்களைத் தொடர்ந்து பார்க்கிறவன் நான். வெட்டு விழுவதற்கு முன்பு எழுதும் தாய் அரிது. நீங்கள் எழுதினீர்கள். அதற்காக முதலில் நன்றி.

ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நீண்ட உங்கள் கடிதத்தில் அந்தக் காலனிப் பையனைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அவன் பெயர்கூட உங்களுக்குத் தெரியவில்லை. உங்கள் மகனின் எதிர்காலம் என்னாகும் என்று பக்கம் பக்கமாகப் பதறியிருக்கிறீர்கள். அது தாயின் இயல்பு. என்றாலும் இந்த விஷயத்தில் முதல் ஆபத்து அந்தப் பையனுக்குத்தான். அவனுக்கும் வீட்டில் ஒரு தாய் இருக்கிறாள். அவளுக்கு அந்த அரிவாளைப் பற்றித் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நீங்கள் எடுக்கும் எந்த முடிவையும் இந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். அவன் உயிர் பத்திரமாக இருந்தால்தான் உங்கள் மகனின் வாழ்க்கையும் பத்திரமாக இருக்கும்.

மிகைப்படுத்திப் பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனை, அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. சாதியை வைத்துத் தொடர்ந்து துன்புறுத்தப்பட்டதால் அவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். பள்ளியில் காரணம் கேட்டபோது உண்மையைச் சொல்லிவிட்டான். அந்தப் புகாருக்குப் பிறகுதான் அரிவாள் வந்தது. காயங்களோடு போராடித் தேறிய அந்த மாணவன் மறு ஆண்டு பொதுத் தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் வாங்கினான். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பகுதியில் தேர்வு எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பிளஸ் ஒன் மாணவனை வழிமறித்து வெட்டினார்கள். அவன் விரல்கள் துண்டாயின. அதற்கு முன்பு நடந்த ஒரு கபடிப் போட்டிதான் பின்னணி என்று செய்திகள் வந்தன. கபடிப் போட்டி, புகார்க் கடிதம், பஸ் இருக்கை. எல்லாமே பள்ளிப் பிள்ளைகளின் அன்றாடம். இவ்வளவு சிறிய விஷயத்துக்கு இவ்வளவு பெரிய ஆயுதம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் உங்கள் கேள்விகளுக்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி.

ரத்தத்தில் இருக்கிறதா?

இல்லை. தாத்தா சிறைக்குப் போனதால் பேரன் அரிவாள் எடுக்கிறான் என்பதற்கு அறிவியலில் இடமில்லை. 1986-இல் ஸ்பெயினின் செவில் நகரில் பல நாட்டு அறிவியலாளர்கள் கூடி, போரும் வன்முறையும் மனிதனின் மரபணுவில் எழுதப்பட்டவை என்று சொல்வது அறிவியல்படி தவறு என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 1989-இல் யுனெஸ்கோ அதை ஏற்றுக்கொண்டது. கோபம் எல்லோருக்கும் வரும். உடம்பில் அதற்கான ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் யார்மீது திரும்ப வேண்டும், எந்த ஆயுதத்தை எடுக்க வேண்டும், எந்த இருக்கைக்காக எடுக்க வேண்டும் என்பதெல்லாம் கற்றுக்கொடுக்கப்படுபவை.

"ரத்தம்" என்று சொல்வதில் இன்னொரு கேடும் இருக்கிறது. பையனின் காதில் அது பெருமையாக விழுகிறது. "எங்கள் பரம்பரையே அப்படி" என்று அண்ணன் பேனரில் அச்சடிப்பதும், "இது எங்கள் ரத்தம்" என்று வீட்டில் நீங்கள் வருந்திச் சொல்வதும் அவனுக்கு ஒன்றாகவே கேட்கும். மாமனார் சிறைக்குப் போன கதை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்லப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அவர் போன பிறகு மாமியார் எப்படிக் குடும்பம் நடத்தினார், எந்த நிலத்தை விற்று வக்கீல் செலவு செய்தார்கள் என்பதை யாராவது பையனிடம் சொல்லியிருக்கிறார்களா? அநேகமாக வெட்டிய கதை மட்டும்தான் அவனுக்கு வந்து சேர்ந்திருக்கும்.

சினிமாவும் செல்போனும்

இவை நிரபராதி என்று சொல்ல மாட்டேன். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சோதனை நடத்தினார். பெரியவர் ஒருவர் ஒரு பெரிய பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், தங்கள் முறை வந்தபோது அதே சொற்களோடும் அதே விதத்திலும் பொம்மையை அடித்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரைப்படமாகக் காட்டியபோதும் அதைப் பின்பற்றினார்கள். ஆகவே திரைக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் கவனியுங்கள்: முதல் சோதனையில் அந்தப் பெரியவர் இருந்தது குழந்தை இருந்த அதே அறையில்.

உங்கள் வீட்டு அறையில் நடப்பதைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். "குடித்தால் மட்டும் கைநீட்டுவார்." உங்கள் மகன் இதை எத்தனை வயதிலிருந்து பார்க்கிறான்? தன் பேச்சை ஒருவர் கேட்காவிட்டால், தான் சொன்னதும் எழுந்து வழிவிடாவிட்டால், கை ஓங்குவது ஆண்களின் வழக்கம் என்ற பாடத்தை அவன் சினிமாவில் படிக்கும் முன்பே வீட்டில் படித்துவிட்டான். பஸ்ஸில் அந்தப் பையன் எழ மறுத்தபோது அவனுக்குக் கிளம்பிய கோபமும் இதே வகைதான். இதைச் சொல்வது உங்கள்மேல் பழி போட அல்ல. அடி வாங்குகிறவர் நீங்கள். உங்கள் கணவரின் கை உங்கள்மேல் விழுவதைத் தடுப்பதும் மகனின் கையில் இருக்கும் அரிவாளை இறக்குவதும் இரண்டு தனித்தனி வேலைகள் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். கணவரைச் சிறைக்கு அனுப்பாமலேயே, இனி அடிக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு பெறலாம். அந்த வீட்டிலேயே தொடர்ந்து வசிக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. 181 பெண்கள் உதவி எண்.

எதற்காக இந்தக் கோபம்?

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் சிறைகளில் கொலைக் குற்றவாளிகளோடு நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் ஜேம்ஸ் கில்லிகன், பெரும்பாலான வன்முறையின் வேரில் அவமானம் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். "என்னை மதிக்கவில்லை" என்பதுதான் அவர் திரும்பத் திரும்பக் கேட்ட காரணம். உங்கள் மகன் உங்களிடம் சொன்னதும் அதுவேதான்: "நம்மை மதிக்காதவனை விட்டுவைத்தால் தெருவில் தலை நிமிர முடியாது."

இங்கேதான் நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும். உங்கள் மகனை யாரும் அவமானப்படுத்தவில்லை. அவனிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை. டிக்கெட் எடுத்த ஒரு மாணவன், தான் உட்கார்ந்த இருக்கையில் தொடர்ந்து உட்கார்ந்திருந்தான். சமமாக நடந்துகொள்வதே அவமதிப்பாகத் தெரியும்படி உங்கள் மகனுக்கு யாரோ கண்ணாடி மாட்டிவிட்டிருக்கிறார்கள். காலனிப் பிள்ளைகள் படிக்கிறார்கள், நல்ல சட்டை போடுகிறார்கள், வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறார்கள், புகார் எழுதத் துணிகிறார்கள். உங்கள் தெருவில் அதே நேரத்தில் நிலம் துண்டு துண்டாகிவிட்டது, டிகிரி முடித்தவர்கள் வேலையில்லாமல் டீக்கடையில் இருக்கிறார்கள். அந்த ஏமாற்றம் உண்மையானது. ஆனால் அதற்குக் காரணம் ஜன்னலோரம் உட்கார்ந்த பையன் அல்ல. உண்மையான காரணங்களைப் பற்றிப் பேச யாரும் வராத இடத்தில், ஆண்ட பரம்பரைக் கதை சொல்ல ஆள் வந்துவிடுகிறார்.

பஸ்ஸும் சாதியும் தென் மாவட்டங்களுக்குப் புதிய விஷயமல்ல. 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியபோது, பட்டியல் சாதியைச் சேர்ந்த வீரர் ஒருவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்புக் கிளம்பிக் கலவரமாகி உயிர்கள் போயின. கடைசியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு நீக்கிவிட்டது. பெயர் போனது, சண்டை பஸ்ஸுக்கு வெளியேயிருந்து உள்ளே, இருக்கைக்கு வந்திருக்கிறது. அன்று கலவரம் செய்தவர்களின் பிள்ளைகள் வயதில்தான் இன்றைய அண்ணன்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் இதை ஒரு தோல்வியாகச் சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

கூட்டமும் அண்ணனும்

வீட்டில் தங்கையை நன்றாகப் பார்த்துக்கொள்கிறான், எதிர்த்துக்கூடப் பேச மாட்டான், இவனா இப்படி என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். தனியாக இருக்கும் பையனும் கூட்டத்தில் இருக்கும் பையனும் ஒரே பையன் அல்ல. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பதின்வயதினரையும் பெரியவர்களையும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை ஆடச் சொன்னார்கள். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது பதின்வயதினர் எடுத்த ஆபத்தான முடிவுகள் பெரிதும் கூடின. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. பின்விளைவை எண்ணிப் பார்க்கும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. பார்ப்பவர்களின் பாராட்டுக்கு ஏங்கும் மனமோ இந்த வயதில்தான் உச்சத்தில் இருக்கிறது.

அதனால்தான் ஸ்டேட்டஸை அலட்சியப்படுத்தாதீர்கள் என்கிறேன். அரிவாள் படத்தைப் போட்ட அன்றே உங்கள் மகன் பார்வையாளர்களைக் கூட்டிவிட்டான். "எப்போ மச்சான்" என்று கேட்கிறவர்கள் வந்துவிட்டார்கள். இனி எதுவும் செய்யாமல் இருந்தால் அவனுக்கு அது தோல்வி. வன்முறைக்கான காரணங்கள் என்று வறுமை, குடி, சாதி, வேலையின்மை எல்லாவற்றையும் அடுக்கலாம், எல்லாம் சரிதான். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் வெளியிட்ட வன்முறை பற்றிய அறிக்கையும் ஒற்றைக் காரணம் கிடையாது என்றுதான் சொன்னது. தனிமனிதர், நெருங்கிய உறவுகள், சுற்றியிருக்கும் சமூகம், பெரிய சமுதாயம் என்று நான்கு அடுக்குகளிலும் காரணங்களைத் தேடச் சொன்னது. என் வேலையில் நான் பார்த்தவரை, இந்தக் காரணங்கள் எல்லாம் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கின்றன. பின்வாங்க முடியாதபடி பையனை ஒரு கூட்டத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும்போதுதான் கை ஓங்குகிறது. அந்தக் கூட்டத்தைக் கூட்டுவதும், ஆயுதத்தைக் கொடுப்பதும், காரணத்தைச் சொல்லித் தருவதும் பெரும்பாலும் ஒரு பெரியவர்.

சிறுவர்களைக் கையில் வைத்துக்கொள்ளும் பெரியவரைச் சட்டம் சும்மா விடுவதில்லை. சட்டவிரோதச் செயலுக்குக் குழந்தைகளைப் பயன்படுத்தும் பெரியவருக்கு, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-ஆம் பிரிவு 7 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 95-ஆம் பிரிவின்படி, குற்றம் செய்யச் சிறுவனை ஈடுபடுத்துபவருக்குக் குறைந்தபட்சமே 3 ஆண்டுகள் சிறை. "அண்ணன் வைத்திருக்கச் சொன்னார்" என்று உங்கள் மகன் சொன்ன ஒற்றை வாக்கியம் மிக முக்கியமானது. அதை அவன் உங்களிடம் சொன்ன தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூருக்கு அனுப்பலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. அனுப்பினால் இந்த மாத ஆபத்து குறையலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் படிப்பு நிற்கும். வாட்ஸ்அப் குழு அவனோடு பஸ் ஏறித் திருப்பூருக்குப் போகும். கோயில் கொடைக்கு ஊர் திரும்பும்போது கையில் சம்பளம் இருக்கும், மனதில் "அவனால்தான் என் படிப்பு போனது" என்ற கணக்கும் இருக்கும். இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது என்பதால் அந்தக் காலனிப் பையனுக்குப் பாதுகாப்பும் இருக்காது.

உடனடி ஆபத்து தணிந்த பிறகு, வேறு ஊரில் விடுதியோடு கூடிய பள்ளிக்கு மாற்றுவது நல்ல வழி. பல சாதிப் பிள்ளைகள் ஒன்றாகத் தங்கி, ஒரே பந்தியில் சாப்பிடும் விடுதியாகப் பாருங்கள். சொந்தச் சாதியினர் நடத்தும் விடுதி என்றால் பத்திரம் என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். தயவுசெய்து அதைத் தவிருங்கள். ஒருவேளை பள்ளியே மாற்றத்தை ஏற்பாடு செய்ய முன்வந்தால் மாற வேண்டியவன் உங்கள் மகன்தான். தொல்லைக்கு ஆளான பையனை வேறு பள்ளிக்குப் போகச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அதற்கு நீங்கள் உடன்படாதீர்கள்.

சொன்னால் வாழ்க்கை பாழாகுமா?

உங்களைத் தூங்கவிடாத கேள்வி இதுதான் என்று புரிகிறது. சட்டம் சொல்வது உங்கள் பயத்துக்கு நேர் எதிராக இருக்கிறது: வாழ்க்கையைப் பாழாக்குவது சொல்லாமல் இருப்பதுதான்.

இன்றைய நிலையில் உங்கள் மகன் யாரையும் தொடவில்லை. அந்தப் பையனை அவன் மிரட்டியிருந்தால் அதற்குரிய விசாரணை வரலாம். அப்போதும் அவனை லாக்கப்பில் வைக்க முடியாது, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும். பெயரையோ படத்தையோ வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. அறிவுரை, கவுன்சலிங், கண்காணிப்பு என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். இந்தக் கட்டத்தில் எழும் வழக்கு அவனுடைய பின்னாளைய வேலைக்குத் தகுதிக் குறைவாகக் கருதப்படாது; அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது.

நாளை ஒருவர் செத்துப்போனால் எல்லாம் தலைகீழ். 16 வயது முடிந்தவர் கொலை போன்ற கொடுங்குற்றத்தில் சம்பந்தப்பட்டால், அவருடைய மனமுதிர்ச்சியைக் குழுமம் ஆராய்ந்து, பெரியவரைப் போலவே விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். தூக்குத் தண்டனையும், விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. ஆயுள் தண்டனையே கிடையாது என்று அர்த்தமில்லை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். அந்தச் சட்டத்தில் முன்ஜாமீனுக்குத் தடை இருக்கிறது. தூண்டிவிட்ட பெரியவர்களுக்கு இது பொருந்தும்.

"நான் வெட்டவில்லை, வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்." என்னிடம் பையன்கள் சொல்லும் இந்த வாக்கியத்துக்கு நீதிமன்றத்தில் பெரிய மதிப்பு கிடையாது. ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரே நோக்கத்தோடு போனால், வெட்டியவருக்கு உள்ள பொறுப்பு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கும் உண்டு.

உங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. கொலை நடக்கப்போகிறது என்று தெரிந்தவர் போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்ல வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33-ஆம் பிரிவு கூறுகிறது. அரிவாளைக் கிணற்றில் போட்டுவிடலாமா என்று தொலைபேசியில் கேட்டீர்கள். போடாதீர்கள். அதை யார் கொடுத்தார் என்பதற்கு அதுதான் சாட்சி. கிணற்றில் போட்டால் அண்ணன் இன்னொன்று வாங்கித் தருவார்.

யாரிடம், எப்படிச் சொல்வது?

ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வழக்கறிஞர் ஒருவரையோ நம்பிக்கையான உறவினரையோ உடன் அழைத்துக்கொண்டு அவரைப் பாருங்கள். அரிவாளைப் பற்றியும் அண்ணனைப் பற்றியும் எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். உள்ளூர் நிலையத்தில் அண்ணனுக்கு ஆள் இருக்கிறார்கள் என்று நீங்கள் தயங்கினால், நேராக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தாலும் அவர்கள் தொடர்பு ஏற்படுத்தித் தருவார்கள்.

பள்ளியில் தலைமையாசிரியரைத் தனியாகச் சந்தியுங்கள். கயிற்றைப் பற்றிச் சொன்னால் "இதெல்லாம் சின்ன விஷயம்" என்று தள்ளிவிட முயலலாம். அப்போது நினைவூட்டுங்கள்: கைகளில் கட்டும் வண்ணக் கயிறுகள் சாதி அடையாளமாகப் பயன்படுவதைத் தடுக்கும்படி பள்ளிக் கல்வித் துறை 2019-இலேயே சுற்றறிக்கை அனுப்பியது. அது அப்போது அரசியல் எதிர்ப்பில் முடங்கிப்போனது. நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கயிறு, மோதிரம், நெற்றிக் குறி, சாதி நிறம் பூசிய சைக்கிள் ஆகியவற்றைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. வகுப்பில் மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்காரவைக்கச் சொன்னது. ஒரு கயிற்றை அறுப்பதால் சாதி போய்விடாது. ஆனால் பஸ்ஸில் ஏறும்போதே யார் யாருடைய ஆள் என்று தெரிந்துவிடுவது நின்றால், கூட்டம் சேர்வது தாமதப்படும். இந்த வயதில் ஒரு வாரத் தாமதம்கூட ஓர் உயிரைக் காப்பாற்றும். பள்ளி அசையவில்லை என்றால் 14417 கல்வி உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று. காலனிக்குப் போய் அந்தத் தாயின் காலில் விழுந்து சமாதானம் பேசட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் நல்ல மனது புரிகிறது. இப்போது போகாதீர்கள். உங்கள் தெருவிலிருந்து ஒருவர் வந்து "புகார் எதுவும் வேண்டாம், பேசி முடித்துக்கொள்ளலாம்" என்றால், அந்தக் குடும்பத்துக்கு அது மிரட்டலாகத்தான் கேட்கும். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுவது இன்னும் மோசம். அந்தப் பேச்சில் அவர்கள் சமமாக உட்கார வாய்ப்பில்லை. எச்சரிக்கையைப் பள்ளியும் போலீசும் முறையாக அவர்களிடம் சேர்க்கட்டும். புகார் கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் உரிமை. அவர்கள் கொடுத்தால் உங்கள் மகன் அதை எதிர்கொள்ளட்டும், நீங்கள் கூடவே நில்லுங்கள்.

மகனிடம் பேச நண்பர்கள் இல்லாத நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கணவர் குடிக்காத நேரமாகவும் இருக்கட்டும். செல்போனைப் பிடுங்கி உடைக்காதீர்கள், அடிக்கவும் விடாதீர்கள். அடி வாங்கினால் அந்தக் கோபமும் அந்தப் பையன்மேல்தான் போய்ச் சேரும். ஸ்டேட்டஸை நீக்கச் சொல்லுங்கள். கூட்டத்திடமிருந்து பின்வாங்க அவனுக்கு ஒரு சாக்கு வேண்டும், அதை நீங்கள் கொடுங்கள்: "எங்கள் அம்மா போலீசுக்கே போய்விட்டார், இனி என்னால் முடியாது" என்று அவன் நண்பர்களிடம் சொல்லட்டும். அவமானம் உங்கள் தலையில் விழட்டும். உள்ளுக்குள் அவன் நிம்மதி அடைந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஆயுதத்தை விறகுக்கு அடியில், நீங்கள் தினமும் கை வைக்கும் இடத்தில் ஒளித்த பையன் அவன். அவன் தூக்கமின்றித் தவித்தாலோ பேச மறுத்தாலோ 14416 மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம்.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று எழுதியிருந்தீர்கள். பணம் தேவையில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை நியமிக்கும். அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது மகனின் பிறப்புச் சான்றிதழ் நகலையும் பள்ளி அடையாள அட்டை நகலையும் எடுத்துச் செல்லுங்கள். வயதை நிரூபிக்க முதல் நாளே கேட்பார்கள்.